தூக்குக் குண்டும் மூன்று தராசும்

முதல் முறையாக விமானம் கட்டப் போகிறவர் தொடக்கத்தில் செய்வது, இரண்டு மரத்துண்டுகளைப் பசை போட்டு ஒட்டுவது. பசை நன்றாக இறுகியதும் அதைப் பட்டறைக் கவ்வியில் மாட்டி, சுத்தியலால் ஓங்கி அடித்து உடைப்பார். உடைந்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பசை ஓடிய கோட்டிலேயே வழவழவென்று பிரிந்திருந்தால் அந்தக் கலவை குப்பைக்கு. பசைக் கோடு அப்படியே இருக்க, பக்கத்து மரம் நார்நாராகப் பிய்ந்து வந்திருந்தால் சரி. பசை கலக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு துண்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, உடைத்துப் பார்த்து எடுத்து வைப்பார்கள். இறக்கை முடிவதற்குள் ஒரு பெட்டி நிறைய உடைந்த கட்டைகள் சேர்ந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது விமானம் கட்டுகிற வேலையாகவே தெரியாது.

வீட்டில் விமானம் கட்ட இன்று இரண்டு வழிகள் உண்டு. கிட் வாங்கினால் பாதி செய்த பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், துளைகள்கூடப் போட்டிருக்கும். வரைபடம் வாங்கினால் ஒரு காகிதச் சுருள் வரும், அவ்வளவுதான். மரம், தகடு, போல்ட், துணி எல்லாவற்றையும் தேடி வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் தானே அறுத்து இழைக்க வேண்டும். பழைய வழி இதுதான். பிரேசிலில் பிறந்து பாரிஸில் பறந்த சான்டோஸ் துய்மோன், தன் 'டெம்வாசெல்' விமானத்துக்குக் காப்புரிமை கேட்காமல், வேண்டியவர் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மூங்கிலும் துணியுமாக இருந்த அந்தச் சின்ன விமானத்தின் வரைபடங்களை 1910-இல் அமெரிக்காவின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகை அச்சிட்டது.

ஆனால் வரைபட விமானம் என்றதும் அமெரிக்கர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. மினசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லாம் தானே கற்றுக்கொண்டவர். 1920-களின் கடைசியில் இரண்டு பேர் உட்காரும் மர விமானம் ஒன்றைக் கட்டி, அதில் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினை மாட்டிப் பறந்தார். 'ஏர் கேம்பர்' என்று பெயர். 1932-இல் அதன் வரைபடங்கள் ஒரு விமானக் கையேட்டில் வெளிவந்தன. இன்றும் ஆட்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் விஸ்கான்சினின் பிராட்ஹெட் என்ற ஊரில் புல் ஓடுதளத்தில் அவை கூடுகின்றன. விமானிக்கு எதிரே, மூக்கின் மேல், கார் ரேடியேட்டர் ஒன்று நிமிர்ந்து நிற்கும். பார்க்க டிராக்டருக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும்.

கார் எஞ்சின் விமானத்துக்கு ஆகாது என்று அன்று பலர் சொன்னதில் நியாயம் இருந்தது. விமான எஞ்சினில் தீப்பொறி தருவதற்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கும். ஒன்று நின்றாலும் மற்றது ஓட்டும். காரில் ஒன்றுதான். ஆனாலும் மாடல் ஏ எஞ்சினுக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்திருந்தது: அது சோம்பேறி. தன் 40 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே கொடுத்துவிடும். சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள ப்ரொபெல்லரை நேராக அதன் தண்டில் மாட்டினால், முனையின் வேகம் நொடிக்கு 230 மீட்டர். ஒலியின் வேகமான 340-க்குள் அடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் சக்தி தரும் இன்றைய கார் எஞ்சினில் அதே ப்ரொபெல்லரை மாட்டினால், முனை நொடிக்கு 500 மீட்டரைத் தாண்டும். சத்தம்தான் வரும், இழுவை வராது. நடுவில் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். எடையும், பழுதாக ஒரு புது இடமும் சேர்ந்துகொள்ளும்.

இனி மரம். ஏர் கேம்பரின் வரைபடம் ஸ்ப்ரூஸ் கேட்கிறது, அதுவும் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ். அலுமினியம் இருக்கும்போது மரம் எதற்கு? எடைக்கு எடை விறைப்பைக் கணக்குப் போட்டால் எஃகு, அலுமினியம், ஸ்ப்ரூஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வித்தியாசம் தடிமனில்தான். ஒரே அகலம், ஒரே நீளம், ஒரே எடை என்று வைத்து ஒரு பலகையும் ஓர் அலுமினியத் தகடும் எடுத்தால், பலகை ஆறு மடங்கு தடிமனாக இருக்கும். வளைவதை எதிர்க்கும் விறைப்போ தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. மரத்தின் சொந்த விறைப்பு அலுமினியத்தில் ஏழில் ஒரு பங்குதான் என்பதைக் கழித்த பிறகும், பலகை முப்பது மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கும். அதனால்தான் விமானத் தொழிற்சாலைகளில் அலுமினியத் தகட்டை மடித்து, நெளித்து, குழாயாக்கி, விறைப்பை வேறு வழியில் சம்பாதிக்கிறார்கள். அதற்கு இயந்திரம் வேண்டும். ஸ்ப்ரூஸுக்கு ஓர் இழைப்புளியும் உப்புத்தாளும் போதும்.

ஆனால் எந்த ஸ்ப்ரூஸும் ஆகாது. நம் ஊர் ஆசாரி நிலைக்கு மரம் பார்க்கும்போது ரேகையைப் பார்ப்பார் அல்லவா, அதே பார்வையை இங்கே எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். பலகையின் விளிம்போடு நார் ஓட்டம் சாய்வது பதினைந்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஓர் அங்குலத்தில் குறைந்தது ஆறு ஆண்டு வளையங்கள் இருக்க வேண்டும். மரம் நாரின் திசையில்தான் பலசாலி. குறுக்கே இழுத்தால் விறகு பிளப்பதுபோலப் பிளந்துவிடும். நார் சாய்ந்திருந்தால் நீளவாக்கில் வரும் விசையில் ஒரு பங்கு அந்தக் குறுக்குத் திசைக்குக் கசிகிறது. இன்னொரு பயமும் உண்டு. காட்டில் மரம் விழும்போது பாறையில் மோதியிருந்தால், நார்கள் உள்ளே நசுங்கி, மயிரிழை போன்ற ஒரு கோடு குறுக்கே ஓடியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடினால்தான் தெரியும். இறக்கை உடைவதற்கு அந்தக் கோடு போதும்.

இறக்கையின் அமைப்பை ஓட்டு வீட்டுக் கூரையாக நினைத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் ஓடும் இரண்டு உத்திரங்கள். அவற்றை ஸ்பார் என்கிறார்கள். அவற்றின் மேல் குறுக்கே கைமரங்கள்போல விலாக்கள். ஏர் கேம்பரின் இறக்கை நுனிக்கு நுனி 29 அடி. அகலம், விமான மொழியில் நாண், 5 அடி. விலா ஒவ்வொன்றும் கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் கனமுள்ள குச்சிகளால் ஆனது. இரண்டு குச்சிகள் சேரும் இடமெல்லாம் தபால் அட்டைபோல மெல்லிய ப்ளைவுட் துண்டை இருபுறமும் ஒட்ட வேண்டும். ஒரு பலகையில் விலாவின் வடிவத்தை வரைந்து, ஓரமெல்லாம் கட்டைகள் அடித்து, அந்த அச்சுக்குள் குச்சிகளை வளைத்து வைத்து ஒட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு விலா என்றால் ஒரு மாதம் போய்விடும். கட்டியவர்கள் பலரும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறார்கள். பழுதான விலாவைத் தூக்கிப் போட்டால் ஒரு மாலை நேரம்தான் நஷ்டம். பழுதான ஸ்பாரைத் தூக்கிப் போட்டால் பல மாதச் சேமிப்பு போய்விடும்.

நான் வாழ்நாளில் செய்த ஒரே மரவேலை ஒரு செருப்பு அலமாரி. அது இன்றுவரை இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. ஆடாமல் இருக்கட்டும் என்று அதற்கு மூன்று குறுக்குச் சட்டங்கள் கூடுதலாக அடித்தேன். விமானம் கட்டுகிறவர் மிகவும் போராட வேண்டியது இந்தப் புத்தியோடுதான். கால் அங்குலக் குச்சியைக் கையில் எடுத்ததும், இது எப்படித் தாங்கும், அரை அங்குலமாகப் போட்டால் என்ன என்று தோன்றும். ஒவ்வொரு பாகத்திலும் அப்படி ஒரு கைப்பிடி சேர்த்தால் முடிவில் ஒரு மூட்டை அரிசியின் எடை ஏறியிருக்கும். 40 குதிரைத்திறனுக்கு அந்த மூட்டை பெரிய சுமை. வாலில் சேரும் எடை இன்னும் பொல்லாதது. வால், இறக்கையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிறது. துலாக்கோல் கணக்குப்படி வாலில் ஒரு கிலோ ஏற்றினால் சமன்செய்ய மூக்கில் மூன்று கிலோ ஏற்ற வேண்டும். ஒரு கிலோ நான்கு கிலோவாகிவிடும்.

சரி, வரைபடத்தை அப்படியே பின்பற்றிவிட்டால் கவலை இல்லையா? 1934-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மின்யே ஒரு புத்தகம் எழுதினார். அதில் 'வானத்துப் பேன்' என்று அவர் செல்லப் பெயர் வைத்த விமானத்தைக் கட்டும் முறை இருந்தது. ஆங்கிலத்துக்குப் போனபோது பேன் தெள்ளுப்பூச்சியாகிவிட்டது. கையும் காலும் ஒத்திசைந்து விமானத்தை ஓட்டுவது மின்யேவுக்கு வரவே இல்லை. ஆகவே கால்மிதிகளே இல்லாத ஒரு விமானத்தை யோசித்தார். முன்னால் ஓர் இறக்கை, அதன் பின்னாலேயே சற்றுத் தாழ்வாக இன்னோர் இறக்கை. கோலைப் பின்னால் இழுத்தால் முன்னிறக்கை முழுவதும் சாய்ந்து மூக்கு மேலே எழும்பும். கோலைப் பக்கவாட்டில் தள்ளினால் சுக்கான் திரும்பும். பாடம் முடிந்தது. ஐரோப்பா முழுக்கத் தச்சர்களும் பள்ளி வாத்தியார்களும் மெக்கானிக்குகளும் கட்ட ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கு மேல்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. எல்லாம் ஒரே மாதிரி: மூக்கு கவிழ்ந்து பாய்ச்சலில் இறங்கும், நிமிரவே நிமிராது. 1936-இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோவிலும் பிரான்சின் ஷாலே மெயுதோனிலும் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். காரணம் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் இருந்தது. விமானி பாய்ச்சலிலிருந்து மீளக் கோலை இழுக்கிறார். முன்னிறக்கை சாய்கிறது, அதன் பின்விளிம்பு கீழே இறங்கிப் பின்னிறக்கையை நெருங்குகிறது. சந்து குறுகியதும் அதன் வழியே காற்று விரைந்து பின்னிறக்கையின் மேல் பாய்கிறது. பின்னிறக்கையின் தூக்குவிசை கூடுகிறது, வால் எழும்புகிறது, மூக்கு மேலும் கவிழ்கிறது. ஒரு குறிப்பிட்ட சரிவுக்குக் கீழே, சுமார் 15 பாகை, கோலை முழுதாக இழுத்தாலும் மூக்கை நிமிர்த்த விசை மிஞ்சவில்லை. தப்பிக்க எதைச் செய்யத் தோன்றுமோ அதுவே ஆளைக் கீழே அழுத்தியது. எந்தத் தச்சருடைய கைத்திறனும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மின்யே பின்னால் வடிவமைப்பைத் திருத்தினார். ஆனால் தடைகள் வந்துவிட்டன, மோகமும் வடிந்துவிட்டது.

அதனால்தான் முதல் முறை கட்டுகிறவர், புதிதாக வந்த அழகான வரைபடத்தை விட்டு, நூறு பேர் கட்டிப் பறந்து சலித்த பழைய வரைபடத்தை எடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஏர் கேம்பரின் இறக்கை வளைவைப் பீட்டன்போல் தானே வரைந்தார். பெரிய கணிதம் ஏதும் இல்லை. ஆனால் அதன் குணமும் குற்றமும் தொண்ணூறு வருடமாக எல்லாருக்கும் தெரியும்.

நல்ல வரைபடத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பலரும் சொல்லும் கதை 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் நடந்தது. பாடகர் ஜான் டென்வர் ஓட்டியது 'லாங் ஈஸி' என்ற விமானம். பர்ட் ரூட்டான் வடிவமைத்தது. நுரைப் பலகையை அறுத்துக் கண்ணாடி இழையும் எபாக்சியும் பூசிக் கட்டுவது. டென்வர் அதைக் கட்டவில்லை, கட்டியிருந்ததை வாங்கினார். எரிபொருளை ஒரு டாங்கியிலிருந்து மற்றதற்கு மாற்றும் திருகு, ரூட்டானின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். எண்ணம் தப்பானதல்ல: பெட்ரோல் ஓடும் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வர வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்தத் திருகை எட்ட வேண்டுமானால் கோலை விட்டுவிட்டு உடம்பை முழுக்க இடது பக்கம் முறுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் அப்படி முறுக்கிப் பாருங்கள், வலது கால் தானாகவே எதையாவது ஊன்றித் தள்ளும். விமானத்தில் அங்கே இருப்பது சுக்கான் மிதி. எஞ்சின் திணறியதும் அவர் திருகைத் தேடித் திரும்பியிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். விமானம் மான்டரே விரிகுடாவில் விழுந்தது.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2011-ஆம் ஆண்டு விபத்துகளை எடுத்துக்கொண்டு, வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு செய்தது. நாட்டின் சிறு விமானங்களில் அவற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மரண விபத்துகளிலோ ஐந்தில் ஒன்று. அந்த ஆய்வில் என்னை நிறுத்திய தகவல் வேறு: விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து இன்னொருவர் வாங்கிய விமானங்கள். கட்டியவருக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு விசித்திரமும் தெரியும். அந்தத் திருகு ஏன் அங்கே இருக்கிறது என்பதும் தெரியும். வாங்குகிறவருக்கு அந்த நினைவை எழுதிக்கொடுக்கும் வழக்கம் இல்லை.

சில சமயம் வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றாமலே விமானம் மாறிவிடுகிறது. ஏர் கேம்பரில் இப்போது பலர் ஃபோர்டு எஞ்சினுக்குப் பதிலாகக் கான்டினென்டல் ஏ-65 என்ற விமான எஞ்சினை மாட்டுகிறார்கள். 65 குதிரைத்திறன், இரண்டு தீப்பொறி ஏற்பாடு, ரேடியேட்டர் தேவையில்லை. எல்லா வகையிலும் நல்லது. எடையும் முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. அங்கேதான் சிக்கல். அந்தக் கனத்த ஃபோர்டு இரும்பு மூக்கில் உட்கார்ந்துதான் விமானத்தைச் சமன்செய்துகொண்டிருந்தது. இந்த விமானத்தை ஓட்டுகிறவர் உட்காருவது பின்னிருக்கையில், விமானத்தின் எடை மையத்துக்குப் பின்னால். இன்றைய சராசரி அமெரிக்கரின் எடையும் 1930-இல் இருந்த எடை அல்ல. மூக்கு இளைத்தது, பின்னிருக்கை கனத்தது.

எடை மையம் பின்னால் போனால் என்ன? அம்பின் முனையில் ஏன் இரும்பும் வாலில் ஏன் இறகும் இருக்கிறது என்பதே இதற்கு விடை. எடை முன்னால் இருந்தால், காற்று மூக்கைத் தூக்கிவிட்டாலும் பின்னாலிருக்கும் வால் அதை மீண்டும் நேராக்கும். மையம் பின்னால் நகர நகர அந்தத் திருத்தும் விசையின் பிடி குறைகிறது. ஓர் எல்லைக்கு மேல் லேசாக எழுந்த மூக்கு தானே மேலும் எழும், வேகம் சாகும், இறக்கை தூக்குவதை விட்டுவிடும். ஏர் கேம்பர்காரர்கள் வைத்திருக்கும் எல்லை, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நாணின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 அங்குலம். அதைக் காப்பாற்ற எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை நீட்டி மூக்கை முன்னே தள்ளுகிறார்கள். அல்லது இறக்கையைத் தாங்கும் தூண்களைச் சாய்த்து இறக்கையையே சில அங்குலம் பின்னுக்கு நகர்த்துகிறார்கள்.

இந்த எல்லைக்குள் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்க நம் கொத்தனார் பையில் இருக்கும் கருவிகளே போதும். ஏறக்குறைய முடிந்த விமானத்தின் முன்சக்கரம் இரண்டின் கீழும் வால்சக்கரத்தின் கீழும் ஒவ்வொரு தராசு. வாலைத் தூக்கி, ரசமட்டம் வைத்து, பறக்கும்போது நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக் குண்டு இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்பார்கள். அங்கிருந்து சக்கரங்கள் எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்து, ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வருவது எடை மையம். எட்டாம் வகுப்புக் கணக்கு. பிறகு கட்டியவரைப் பின்னிருக்கையில் உட்காரச் சொல்லி மறுபடி ஒருமுறை. அவருக்குப் பிடிக்காத எண் ஒன்று அப்போது வெளிவருவது உண்டு.

துணி போர்த்துவதற்கு முன்பே, எலும்புக்கூடாக இருக்கும்போது, அனுபவசாலி ஒருவரை அழைத்துக் காட்டிவிட வேண்டும். மூடிய பிறகு உள்ளே பசை சரியா என்று யாரும் பார்க்க முடியாது. போர்த்துவது பாலியெஸ்டர் துணி. இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கி மத்தளத் தோல்போல விறைக்கும். சூடு மிஞ்சினால் துணி வலுவிழக்கும், ஆகவே பெட்டியின் டயலை நம்பாமல் தெர்மாமீட்டரால் அளப்பார்கள். பறக்கும்போது மேல்துணியைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அது கழன்று வராமலிருக்க ஒவ்வொரு விலாவோடும் நீண்ட ஊசியால் துணியைத் தைத்துக் கட்ட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஊசியை வாங்கிக் கொடுக்கும் வேலை. பெரும்பாலும் இங்கேதான் குடும்பம் உள்ளே இழுக்கப்படுகிறது.

அமெரிக்கச் சட்டம் இதையெல்லாம் ஆச்சரியமான நிதானத்தோடு அனுமதிக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே கட்டினேன் என்று புகைப்படமும் குறிப்பேடும் காட்ட வேண்டும். சோதனை விமானம் என்ற சொல்லை 2 அங்குல எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறித்த எல்லைக்குள், பயணி இல்லாமல் பறக்க வேண்டும். இந்தியாவில் இந்தப் பாதை இன்னும் அகலமாகவில்லை. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், பதிவுச் சான்றைக் கையில் வாங்க 2017 வரை காத்திருந்தார்.

பிறகு முதல் பறத்தல். வருடக்கணக்காகக் கொட்டகையில் கிடந்தவர், அந்த வருடங்களில் பறந்திருக்கவே மாட்டார். காசும் நேரமும் மரத்துக்குப் போயிருக்கும். கை துருப்பிடித்திருக்கும். கட்டுவதற்கு எல்லாரையும்விடத் தகுதியானவர், அன்றைக்கு ஓட்டுவதற்குத் தகுதி குறைந்தவராக இருக்கலாம். அதனால் சிலர் அந்த வகை விமானத்தில் பழகிய நண்பரை முதல் முறை ஓட்டச் சொல்லிவிட்டு ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். அரை மணி நேரத்தில் விமானம் இறங்கும். யாரும் கைதட்டி முடிப்பதற்குள் கட்டியவர் எஞ்சின் மூடியைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு நட்டையும் முடுக்கிய அன்று அதன் மேலிருந்து போல்ட் வரை மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இழுத்திருந்தார். டார்ச் அடித்து, ஒவ்வொரு கோடாக, எங்காவது விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்.